சக்கரத்துக்கு உள்ளே ஒரு கோட் பெயின்ட்

"புத்தகம் படிச்சு பிரேக் பிடிக்காது, தங்கச்சி."

லோரி விற்ற கம்பெனியின் சர்வீஸ் நிலையத்தில், முகப்பு மேசைக்குப் பின்னால் இருந்த மோகன் அண்ணே இதைச் சொன்னார். கோபமாக இல்லை, சிரித்துக்கொண்டுதான். அறையில் குளிர் அதிகம். மூலையில் இலவசக் காப்பி இயந்திரம் உறுமிக்கொண்டிருந்தது. கண்ணாடிச் சுவருக்கு அந்தப் பக்கம் எங்கள் லோரி தண்ணீர் சொட்டச் சொட்ட நின்றது.

அப்பா சோபாவின் நுனியில் இருந்தார். கிரீஸ் படிந்த கால்சட்டை மெத்தையில் பட்டுவிடக் கூடாதென்று பழைய நாளிதழ் ஒன்றை விரித்து, அதன்மேல் உட்கார்ந்திருந்தார்.

நான் கேட்டது ஒரே கேள்வி. இந்த பிரேக் வேலையை வீட்டிலேயே செய்துகொண்டால் என்ன? லோரியின் சர்வீஸ் புத்தகம் என் போனில் இருக்கிறது, படித்துவிட்டேன் என்றேன். அதற்குத்தான் அந்தப் பதில்.

அவர் நீட்டிய தாளில் இருந்த தொகையை இங்கே எழுதப் போவதில்லை. அப்பா ஒரு மாதம் முழுக்க ஓடி, டீசலுக்கும் டோலுக்கும் தவணைக்கும் போக மிஞ்சுவதைவிட அது பெரியது. அவ்வளவு தெரிந்தால் போதும்.

"சாமான் விலை இவ்வளவு வராதே, அண்ணே. லைனிங், சிலிண்டர் ரப்பர், பிரேக் எண்ணெய். மத்ததெல்லாம் கூலியா?"

"கூலி, கேரண்டி. அப்புறம், நீங்க வீட்டுல நிம்மதியா தூங்குறீங்க பாருங்க, அதுக்கும் சேத்துதான் லா."

அப்பா எழுந்தார். நாளிதழை மடித்துக் கக்கத்தில் வைத்துக்கொண்டார்.

"வா பாப்பா. போறதுக்கு முன்ன இன்னொரு காப்பி குடி. அதையும் சேத்துத்தான் போட்டிருப்பாங்க."

கீழே போன பெடல்

இந்தத் தொடரைப் புதிதாகப் படிப்பவர்களுக்கு ஒரு வார்த்தை. அப்பாவிடம் இருப்பது ஒரே லோரி. ஆறு சக்கரம். கிள்ளான் துறைமுகத்தை ஒட்டிய கிடங்குகளில் தரை ஓடுகளை ஏற்றிக்கொண்டு போய்க் கடைகளில் இறக்குவார். ஓட்டுநர், முதலாளி, கூலியாள் எல்லாம் அவரேதான்.

அவர் தமிழ்ப்பள்ளியில் மூன்றாம் வகுப்பைத் தாண்டவில்லை. அம்மா பள்ளிக்கூட வாசலையே மிதித்ததில்லை. எங்கள் வீட்டில் பட்டம் வாங்கிய முதல் ஆள் நான். கணக்கியல். வேலை சுபாங் ஜெயாவில், வாடகை அறை பிரிக்பீல்ட்ஸில், வார இறுதியில் ரயிலேறினால் கிள்ளான் வீடு.

இதையெல்லாம் கொஞ்சம் அடக்கமாகச் சொல்லக் கூடாதா என்று ஒரு வாசகர் எழுதியிருந்தார். மன்னிக்கவும். முடியாது.

பிரேக் பேச்சு ஆரம்பித்தது ஒரு ஞாயிற்றுக்கிழமை மதியச் சாப்பாட்டில். சோற்றில் ரசத்தை விட்டுக்கொண்டே அப்பா சொன்னார்:

"அம்பாங்ல ஒரு இறக்கம் இருக்குல்ல, அங்க பெடல் கொஞ்சம் கீழ போச்சு. ரெண்டு தரம் மிதிச்சேன். நின்னுருச்சு."

"முன்னால என்ன இருந்துச்சுப்பா?"

"ஸ்கூல் பஸ்."

சொல்லிவிட்டு அம்மாவிடம் அப்பளம் கேட்டார்.

என் மனதில் அந்தப் பேருந்தின் பின் கண்ணாடி வந்து நின்றது. அதில் ஒட்டிக்கொண்டு பின்னால் பார்த்துச் சிரிக்கும் முகங்கள்.

முந்திச் சென்ற டயர்

லோரி பற்றிய என் பயம் அன்றைக்குப் பிறந்ததல்ல. அதன் தொடக்கத்தை இங்கேயே சொல்லிவிட வேண்டும்.

எனக்குப் பத்து வயது இருக்கலாம். பள்ளி விடுமுறை என்றால் அப்பாவுக்குப் பக்கத்து இருக்கை என்னுடையது. டீசல் வாடை, முன்கண்ணாடி ஓரம் வாடித் தொங்கும் மல்லிகை வாடை, அப்பா வாங்கித் தரும் சோளப்பொரி வாடை. மூன்றும் கலந்த அந்த கேபின்தான் நான் பார்த்த முதல் உலகம்.

ஒரு நாள் நெடுஞ்சாலையில் போய்க்கொண்டிருக்கும்போது ஒரு டயர் எங்களை முந்திக்கொண்டு போனது.

வண்டி இல்லை. டயர் மட்டும். ரிம்மோடு, நேராக நின்றபடி, யாரோ அவசர வேலையாக அனுப்பியது போல உருண்டு போனது. நான் கைதட்டிச் சிரித்தேன். "அப்பா, டயரு நம்மள ஓவர்டேக் பண்ணுது!"

அப்பா சிரிக்கவில்லை. இரண்டு கைகளாலும் ஸ்டியரிங்கைப் பிடித்துக்கொண்டு வேகத்தைக் குறைத்தார். டயர் நடுத் தடுப்பில் மோதி, எழும்பி, எதிர்ப்பக்கச் சாலையில் விழுந்தது. கொஞ்ச தூரம் போனதும் அந்தப் பக்கம் ஒரு மோட்டார் சைக்கிள் சாய்ந்து கிடந்ததைப் பார்த்தேன். பக்கத்தில் ஒரு தலைக்கவசம். அப்பா என் கண்களைக் கையால் மூடினார். அவர் உள்ளங்கை ஈரமாக இருந்தது.

யாருடைய லோரியிலிருந்து கழன்ற டயர் என்று எங்களுக்குக் கடைசிவரை தெரியவில்லை. எங்களுக்குப் பின்னால் வந்த யாரோ. அந்த ஓட்டுநருக்கும் என்னைப் போல ஒரு மகள் இருந்திருப்பாளோ என்று பின்னாட்களில் யோசித்திருக்கிறேன்.

அமுக்கு, பிடி, விடு

ஆக, காசு மிச்சம் பிடிக்க நான் அவசரப்பட்டேன் என்று யாரும் நினைக்க வேண்டாம். பயந்தவளாகத்தான் அந்த வேலையில் இறங்கினேன். பயந்தவள் எல்லாவற்றையும் இரண்டு முறை பார்ப்பாள்.

கிள்ளானில் சாமான் கடை முதலாளி, எங்கள் தவுக்கே, சர்வீஸ் நிலையம் தாளில் எழுதியிருந்த அதே லைனிங்கை அதே டப்பாவில் எடுத்து வைத்தார். மொத்தச் சாமானும் அந்தத் தாளில் இருந்ததில் கால் பங்குகூட வரவில்லை.

சனிக்கிழமை காலை வீட்டு முன்னால் லோரியைத் தூக்கினோம். ஜாக்கியை மட்டும் நம்ப நான் விடவில்லை. இரும்புத் தாங்கிகளை வைத்து, வண்டியைத் தள்ளிப் பார்த்து, அசையவில்லை என்று தெரிந்த பிறகுதான் அப்பாவை அடியில் போக விட்டேன். சக்கரங்களையும் பிரேக் டிரம்மையும் கழற்றியதும் கருந்தூசி கொட்டியது. இரண்டு பேருக்கும் முகக்கவசம்.

பக்கத்து வீட்டு ஆன்டி வேலிமேல் கை வைத்து நின்று பார்த்தார். "கணக்குப் பிள்ள லோரிக்கு அடியில என்ன தேடுது?"

"சில்லற விழுந்துருச்சாம்," என்றார் அம்மா.

சிலிண்டர் ரப்பர்களில் ஒன்று நைந்து, ஓரத்தில் எண்ணெய் கசிந்திருந்தது. பெடல் கீழே போனதற்குக் காரணம் அதுதான். மாற்றினேன். லைனிங்கைப் பொருத்தி, புத்தகத்தில் இருந்த படத்தோடு ஸ்பிரிங்குகளை ஒவ்வொன்றாக ஒப்பிட்டேன். கடைசியில் டிரம்மை மாட்டி, குழாயில் நின்ற காற்றை வெளியேற்ற வேண்டும். அப்பா மேலே பெடலில், நான் கீழே திருகாணியில்.

"அமுக்குங்கப்பா."

"அமுக்கிட்டேன்."

"பிடிங்க. விடாதீங்க. ம், விடுங்க."

எண்ணெயில் குமிழி வருவது நிற்கும்வரை செய்தோம். அப்பா இறங்கி வந்தபோது அவர் முகத்தில் ஒரு மாற்றம். "கல்லு மாதிரி நிக்குது பாப்பா," என்றார். அன்று மாலை ரயிலில், கறுத்துப் போன என் நகங்களைப் பார்த்து எதிரில் இருந்த பெண் கொஞ்சம் நகர்ந்து உட்கார்ந்தாள். எனக்குப் பெருமையாக இருந்தது.

சக்கரங்கள் கழற்றியபடியே வாசலில் கிடந்தன. அறையில் முடிக்க வேண்டிய அலுவலக வேலை இருந்ததால், ஞாயிறு காலை வந்து மாட்டிக்கொள்ளலாம் என்று சொல்லிவிட்டுப் போனேன்.

மாப்பிள்ளைக் கோலம்

அந்த ஆண்டு ஆயுத பூஜை அந்த ஞாயிற்றுக்கிழமைதான்.

லோரி வைத்திருக்கும் நம் ஆட்களுக்கு இது தெரியும். பூஜைக்கு முன் வண்டியைக் கழுவி, ரிம்முக்கு வெள்ளிக்கலர் பெயின்ட் அடித்து, சந்தனமும் குங்குமமும் வைத்து, இரண்டு பக்கமும் வாழைக்கன்று கட்டினால்தான் அது பூஜை. அப்பா ஒரு வருடம்கூடத் தவறவிட்டதில்லை. எப்போதும் சக்கரம் வண்டியிலேயே இருக்கும், வெளியே தெரியும் பக்கத்துக்கு மட்டும் பிரஷ் படும்.

இந்த முறை சக்கரங்கள் கழன்று கிடந்தன.

நான் போன பிறகு அப்பா ஒவ்வொன்றையும் புரட்டிப் போட்டு, முன்னும் பின்னும் அடித்திருக்கிறார். பின்னால் ஜோடியாக மாட்டும் இரண்டு சக்கரங்கள் ஒன்றோடொன்று அழுந்தும் முகம், வண்டியின் அச்சோடு ஒட்டும் முகம், நட்டு உட்காரும் துளைகளின் விளிம்பு, எல்லா இடத்திலும். மேலும் ஒரு கோட்.

"கழட்டிப் போட்டது சும்மாதானே கெடக்குது," என்றார் மறுநாள் காலை. "கம்பெனியில குடுத்தா இப்படி அடிச்சுத் தருவானா?"

காய்ந்திருந்தது. தொட்டால் விரலில் ஒட்டவில்லை. அவ்வளவு அழகாக இருந்தது. நான் கணக்காக இறுக்கும் ரெஞ்சை எடுத்தேன். போதுமான இறுக்கம் வந்ததும் 'டக்' என்று சொல்லிவிடும் ரெஞ்சு அது. ஒவ்வொரு நட்டும் 'டக்' என்றது. புத்தகம் சொன்ன அளவு.

எலுமிச்சம்பழம் வைத்து, சூடம் காட்டி, லோரியை நகர்த்தினோம். பழம் நசுங்கியது. "மாப்பிள்ள மாதிரி இருக்கான்," என்றார் அம்மா. நான் அதைப் போனில் படம் பிடித்தேன்.

ஒரு வரி

திங்கட்கிழமை மதியம். சுபாங் ஜெயா அலுவலகத்தில் சாப்பாட்டு டப்பாவைத் திறந்து வைத்துக்கொண்டு, சர்வீஸ் புத்தகத்தைப் போனில் திறந்தேன். சக்கரம் கழற்றி மாட்டினால் கொஞ்ச தூரம் ஓடிய பிறகு நட்டுகளை மறுபடி இறுக்க வேண்டும். எவ்வளவு தூரம் என்று பார்க்கத்தான் திறந்தேன்.

அதற்குக் கீழே ஒரு வரி. சக்கரங்கள் சேரும் முகங்களில் துரு, அழுக்கு, கூடுதல் பெயின்ட் எதுவும் இருக்கக் கூடாது.

முன்பும் அந்த வரியைப் படித்திருக்கிறேன். அப்போது என் கண்முன் பெயின்ட் இல்லை.

ஏன் கூடாது என்பதை யாரும் விளக்க வேண்டியிருக்கவில்லை. இரும்பும் இரும்பும் அழுந்தினால் அப்படியே நிற்கும். நடுவில் புதுப் பெயின்ட் இருந்தால், ஏற்றிய ஓடுகளின் பாரத்தில் அது நசுங்கும், தேயும், பொடியாகும். அது எவ்வளவு தேய்கிறதோ அவ்வளவுக்கு நட்டு தளரும். நேற்று 'டக்' என்றது இன்றைக்குப் பொய்.

அப்பாவை அழைத்தேன். எடுக்கவில்லை. ஓட்டும்போது போனைத் தொடக் கூடாது, பெட்டியில் போட்டு மூடிவிட வேண்டும் என்று வீட்டில் விதி. அந்த விதியைப் போட்டவள் நான்தான்.

காலையில் அம்பாங்குக்கு ஒரு நடை. அடுத்து டெங்கில். டெங்கில் கடைக்கு அழைத்தேன். "இன்னும் வரல லா," என்றார்கள்.

சாப்பாட்டு டப்பாவை மூட மறந்து எழுந்தேன்.

டெங்கில் போகும் வழி

வாடகைக் கார் ஓட்டியவர் ஒரு மலாய்க்காரப் பெரியவர். என் முகத்தைப் பார்த்தவர் வானொலியை அணைத்துவிட்டு, வேகத்தைக் கூட்டினார்.

நெடுஞ்சாலை ஓரத்தில் டயர்த் துண்டுகள் எப்போதும் கிடக்கும். நான் தினமும் பார்த்துப் பழகியவை. அன்று ஒவ்வொன்றும் என்னை நிமிர வைத்தது. கறுப்பாக ஒன்று தெரிந்தால் அதில் வெள்ளிக்கலர் இருக்கிறதா என்று பார்த்தேன். ஓரிடத்தில் வாகனங்கள் தேங்கி நின்றன. எதனால் என்று தெரியும்வரை கண்ணாடியை இறக்கி எட்டிப் பார்த்துக்கொண்டே இருந்தேன். புல் வெட்டுகிறார்கள், அதற்காக ஒரு தடம் அடைப்பு. அவ்வளவுதான்.

எதிர்ப்பக்கம் மோட்டார் சைக்கிள்கள் வரிசையாக வந்துகொண்டிருந்தன. ஒவ்வொரு தலைக்கவசத்துக்குள்ளும் ஒரு முகம். எனக்கு அப்பாவை மட்டும் நினைத்துப் பயம் இல்லை. அவர்களை நினைத்தும்தான்.

டெங்கிலுக்குக் கொஞ்சம் முன்னால், எண்ணெய் எடுக்கும் செம்பனைத் தோட்டத்தை ஒட்டி ஒரு சாப்பாட்டுக் கடை. அப்பா வழக்கமாக நிறுத்தும் இடம். மரத்தடியில் லோரி நின்றது. வாழைக்கன்று வாடித் தலை சாய்ந்திருந்தது. ஆறு சக்கரமும் இருந்தன.

அப்பா நுரை பொங்க ஆற்றிய தே தாரிக் டீக் கோப்பையோடு என்னைப் பார்த்தார்.

"என்ன பாப்பா, வேலைய விட்டுத் தொரத்திட்டாங்களா?"

நான் நேராக இடப் பக்கப் பின்சக்கரத்துக்குப் போனேன். நட்டுகளைச் சுற்றி, வெயிலில் மின்னும் வெள்ளிப் பொடி. குனிந்து ஒரு நட்டைப் பிடித்தேன். ரெஞ்சு இல்லை, ஒன்றும் இல்லை. விரலால் திருப்பினேன்.

சுற்றியது.

அப்பாவும் பக்கத்தில் வந்து குந்தினார். அவர் தொட்ட நட்டும் சுற்றியது. பிறகு, தன் உள்ளங்கையைக் கால்சட்டையில் துடைத்துக்கொண்டார். அதுவும் ஈரமாக இருந்திருக்க வேண்டும்.

"இறுக்கிட்டு மெதுவா போயிருவோமா? கடையில காத்துக்கிட்டு இருப்பாங்க."

"வேணாம்ப்பா."

"பக்கந்தான் பாப்பா. ரெண்டு சிக்னல்."

கேபினில் ஏறிச் சாவியை எடுத்துக்கொண்டேன். அப்பாவிடம் நான் அப்படி நடந்துகொண்டது அதுதான் முதல் தடவை. அவர் திட்டவில்லை. அது இன்னும் பயமாக இருந்தது.

உதிர்ந்தது

அந்த நேரத்தில் எனக்குத் தெரிந்த ஒரே எண் சர்வீஸ் நிலையத்தினுடையது. மோகன் அண்ணேதான் எடுத்தார். நட்டு தளர்ந்திருக்கிறது என்று மட்டும் சொன்னேன்.

"பூஜைக்குப் பெயின்ட் அடிச்சீங்களா?"

"ஆமாண்ணே."

"சக்கரத்தக் கழட்டி வச்சு?"

"ஆமா."

"ஆயுத பூஜை முடிஞ்சா எங்களுக்கு வருஷா வருஷம் இப்படி ஒண்ணு ரெண்டு வரும், தங்கச்சி. ஒரு அடிகூட நகத்தாதீங்க. வண்டி அனுப்புறேன். வெளியில வந்தா சார்ஜ் தனி, சொல்லிட்டேன்."

"அனுப்புங்க."

எவ்வளவு என்று நான் கேட்கவில்லை. கணக்கியல் படித்த நான், விலை கேட்காமல் ஒன்றை வாங்கியது அன்றைக்குத்தான்.

மெக்கானிக்கோடு மோகன் அண்ணேயும் வந்தார். சக்கரங்களைக் கழற்றினார்கள். உள்முகத்தில் பெயின்ட் சில இடங்களில் சுருங்கி, சில இடங்களில் அரைபட்டு மாவாகியிருந்தது. கம்பி பிரஷ்ஷால் தேய்த்தார்கள். அப்பா ஆசையாக அடித்த வெள்ளிக்கலர் செதில் செதிலாகச் செம்மண்ணில் உதிர்ந்தது. அவர் அதையே பார்த்துக்கொண்டு நின்றார். பிறகு, இன்னொரு பிரஷ்ஷை எடுத்துக்கொண்டு தானும் தேய்க்க உட்கார்ந்தார்.

மோகன் அண்ணே டிரம்மின் சிறு துளைக்குள் டார்ச் அடித்துப் பார்த்தார். பெடலை மிதித்துப் பார்த்தார். மறுபடி டார்ச் அடித்தார்.

"பிரேக் எந்தக் கடையில செஞ்சீங்க?"

"கடையில இல்ல, மோகன்," என்றார் அப்பா, தலை நிமிராமல். "புத்தகத்துல."

மோகன் அண்ணே டார்ச்சை அணைத்தார். "பிரேக்கத் தொட வேணாம்," என்று மெக்கானிக்கிடம் சொன்னார். "சக்கரத்த மாட்டு."

புறப்படும்போது என்னிடம் வந்தார். "எங்ககிட்ட கழட்டி மாட்டுனா, கொஞ்சம் ஓடுனதும் நாங்களே திரும்பக் கூப்புட்டு இறுக்கி விடுவோம். வீட்டுல செஞ்சா யாரு கூப்புடுவா? அதத்தான் தூக்கம்னு சொன்னேன்."

அவர் நீட்டிய சார்ஜ் தாளை வாங்கி, மடித்துப் பையில் வைத்துக்கொண்டேன்.

அட்டை வட்டங்கள்

வீட்டில் செய்வதை நாங்கள் விடவில்லை. விட முடியாது, அந்தத் தொகை எங்களுக்குக் கட்டாது. எண்ணெய், கிரீஸ், பிரேக் எல்லாம் நாங்கள்தான். ஆண்டுக்கு ஒரு முறை மட்டும் முழுச் சோதனைக்குக் கம்பெனிக்குப் போகிறோம். அப்பா இன்னும் நாளிதழை விரித்துத்தான் உட்காருகிறார். காப்பியும் குடிக்கிறார்.

ஆனால் நிம்மதி என்று ஒன்று எனக்குத் திரும்பவே இல்லை. ஒவ்வொரு நட்டிலிருந்தும் ரிம்முக்கு ஒரு மஞ்சள் கோடு போட்டிருக்கிறேன். நட்டு அசைந்தால் கோடு பிரிந்துவிடும். தினமும் காலையில் புறப்படுமுன் அப்பா அதைப் படம் எடுத்து அனுப்ப வேண்டும். அது வரும்வரை தட்டில் இருக்கும் தோசையைத் தொட மாட்டேன். ஒரு நாள் படம் வரத் தாமதமானது. நான் பிரிக்பீல்ட்ஸில் ரயிலை விட்டுவிட்டு, நடைமேடையிலேயே நின்றேன். பிறகு வந்தது. கோட்டுக்குப் பதில் தன் செருப்பைப் படம் எடுத்து அனுப்பியிருந்தார்.

இந்த ஆண்டும் ஆயுத பூஜை நெருங்கிவிட்டது. லைனிங்கும் மாற்ற வேண்டும். அப்பா வெள்ளிக்கலர் பெயின்ட் வாங்கி, அரிசி வாளிக்குப் பின்னால் ஒளித்து வைத்திருப்பதாக அம்மா போனில் சொல்லிவிட்டார். நான் சண்டை போடவில்லை. அலுவலகத்திலிருந்து கெட்டி அட்டைப் பெட்டிகளை எடுத்துப் போய், சக்கரம் சேரும் முகத்தின் அளவுக்குப் பெரிய வட்டங்கள், நட்டு உட்காரும் இடத்துக்குச் சின்ன வட்டங்கள் என்று வெட்டினேன்.

இன்று காலை சக்கரங்களைக் கழற்றினோம். வட்டங்களை ஒவ்வொன்றாக ஒட்டினேன். அப்பா பிரஷ்ஷோடு நின்று பார்த்தார்.

"இவ்வளவு மூடுனா எங்கதான் அடிக்கிறது?"

"மத்த எடத்துலதாம்ப்பா."

"யாரு கண்ணுக்கும் தெரியாத எடத்துக்கு இத்தன காவல்," என்று முனகிக்கொண்டே வட்டத்தின் ஓரத்தை விரலால் அழுத்தி, சரியாக ஒட்டியிருக்கிறதா என்று பார்த்தார்.

கொஞ்சம் ஓடிய பிறகு யார் திரும்பக் கூப்பிட்டு இறுக்குவார் என்று மோகன் அண்ணே கேட்ட கேள்வி பாக்கி இருந்தது. திங்கட்கிழமைக்கு விடுப்பு வாங்கிவிட்டேன். முதல் நடையில் அப்பாவுக்குப் பக்கத்து இருக்கை என்னுடையது, பத்து வயதில் உட்கார்ந்த அதே இருக்கை. ரெஞ்சைக் கேபினில், என் கால் வைக்கும் இடத்தில், இப்போதே வைத்தாகிவிட்டது.